தண்டையார்பேட்டை வீட்டு ரவுட்டரில் விபிஎன்: 3389 போர்ட்டை மூடிவிட்டேன், இனி என்ன செய்வது?

#1 தண்டையார்பேட்டை கணக்குப்பிள்ளை

அனைவருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஏழெட்டுத் துணிக்கடைகளுக்கு நான் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். கணக்குகள் முழுவதும் தண்டையார்பேட்டையில் என் வீட்டுக் கணினியில் இருக்கின்றன. பகலில் கடையில் உட்கார்ந்து, மடிக்கணினியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் மூலம் அந்தக் கணினியைத் திறந்து வேலை பார்ப்பது வழக்கம். இதற்காக இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இணைப்பு கொடுக்க வந்த பையன் ரவுட்டரில் 3389 போர்ட்டைத் திறந்து வைத்துவிட்டுப் போனான். அதுவும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

சென்ற மாதம் வேறொரு நிறுவனத்தின் ஃபைபர் இணைப்புக்கு மாறினேன். அன்றிலிருந்து வெளியிலிருந்து வீட்டுக் கணினியைத் தொட முடியவில்லை. காரணம் தேடி விண்டோஸின் பாதுகாப்புப் பதிவேட்டைத் திறந்தபோதுதான் வயிறு கலங்கியது. பழைய இணைப்பு இருந்த நாட்களில், இரவு ஒன்று, இரண்டு மணிக்கெல்லாம் 4625 என்ற எண்ணிட்ட வரிகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் "அட்மின்", "டெஸ்ட்", "அக்கவுண்ட்ஸ்" என்று யாரோ ஒரு பெயரைப் போட்டு நுழைய முயன்று தோற்றிருக்கிறார்கள். இனி அந்தப் போர்ட்டைத் திறக்கும் எண்ணமே எனக்கில்லை. ரவுட்டரிலேயே விபிஎன், அதாவது வெளியிலிருந்து வீட்டு வலைக்குள் வரக் குறியாக்கம் செய்த தனிப்பாதை, அமைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். எங்கிருந்து தொடங்க வேண்டும்?

#2 பேசின்பிரிட்ஜ்

இணைப்பு மாறியது உங்களுக்கு நல்லதாகவே முடிந்திருக்கிறது, அக்கா. 4625 என்பது தோற்ற நுழைவு. நீங்கள் முதலில் தேட வேண்டியது 4624, அதாவது வென்ற நுழைவு. அதிலும் நுழைவு வகை 10 என்று இருப்பவை ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வந்தவை. அந்த நேரங்களில் நீங்கள்தான் வேலை பார்த்தீர்களா என்பதைப் பில் தேதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றாவது பொருந்தவில்லை என்றால் விபிஎன் பேச்சை நிறுத்திவிட்டு, கணினியை வலையிலிருந்து கழற்றுவதுதான் முதல் வேலை.

எல்லாம் பொருந்தினால் மூன்று விவரங்கள் வேண்டும். ரவுட்டரின் பக்கத்தில் வான் (வெளி இணைப்பு) முகவரி என்று காட்டும் எண் எது. "என் ஐபி என்ன" என்று காட்டும் தளங்களில் தெரியும் எண் எது. ஐபிவி6 என்ற புதிய வகை, நீளமான முகவரி ஏதேனும் வந்திருக்கிறதா. எண்களின் முதல் இரண்டு பகுதிகளை மட்டும் எழுதினால் போதும்.

#3 மண்ணடி

எதற்கு இவ்வளவு சிரமம்? விளம்பரங்களில் வரும் விபிஎன் செயலி ஒன்றைச் சந்தா கட்டி வாங்கி ரவுட்டரில் போட்டுவிட்டால் ஆகாதா? மேலும் இந்தியாவில் விபிஎன் பயன்படுத்துவதே சட்டப்படி சரிதானா என்ற ஐயமும் எனக்கு உண்டு.

#4 ஓய்வுபெற்ற லோகோ

இரண்டும் வெவ்வேறு வேலைகள், தம்பி. நீங்கள் சொல்லும் செயலி, வீட்டிலிருந்து கிளம்பும் போக்குவரத்தை வேறோர் ஊரில் இறக்கிவிடும். நமது சகோதரிக்குத் தேவை அதற்கு நேர்மாறு: வெளியே இருப்பவர் வீட்டுக்குள் வர வேண்டும். பேருந்து நிலையத்துக்குப் போக வழி கேட்டவருக்கு விமான டிக்கெட் எடுத்துக் கொடுப்பது போல ஆகிவிடும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, நம் நாட்டில் விபிஎன் பயன்படுத்துவதற்குத் தடை இல்லை. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, விபிஎன் சேவை விற்கும் நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி உள்ளிட்ட விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. அதற்கு உடன்படாமல் எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் ஆகியவை இந்தியாவிலிருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. பொதுமக்களுக்குச் சேவை விற்பவர்களைக் குறித்தது அந்த விதி. நிறுவனங்கள் தம் உள்வேலைக்கு வைத்திருக்கும் விபிஎன்னுக்கு அது பொருந்தாது என்று அதே அமைப்பு பின்னர் விளக்கமும் கொடுத்தது.

#5 தண்டையார்பேட்டை கணக்குப்பிள்ளை

4624 வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டேன், அண்ணா. வகை 10 உள்ளவை எல்லாம் நான் கடையில் இருந்த நேரங்களே. கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டேன். வான் முகவரி 100.72 என்று தொடங்குகிறது. வெளித் தளத்தில் 103 என்று தொடங்கும் வேறு எண் தெரிகிறது. ஐபிவி6 என்ற இடத்தில் எஃப்இ80 என்று தொடங்கும் ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லை.

#6 பேசின்பிரிட்ஜ்

நினைத்தபடியே இருக்கிறது. 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான எண்களை, இணைய நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர்களுக்குள் பகிர்ந்து கொடுப்பதற்கென்றே 2012-இல் ஒதுக்கினார்கள். சிஜிநாட் என்பார்கள். நம் பக்கத்து ஒண்டுக்குடித்தனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் கதவு எண் ஒன்றுதான், உள்ளே பதினைந்து குடும்பங்கள். உள்ளே இருப்பவர் வெளியே போய் வரலாம். ஆனால் கதவு எண்ணை மட்டும் எழுதி வந்த கடிதத்தைத் தபால்காரர் யாரிடம் கொடுப்பார்? உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட்டைத் திறந்தாலும் வாசல் உங்களுடையது அல்ல. எஃப்இ80 முகவரி வீட்டுக்குள் மட்டும் செல்லும். அதை வைத்து வெளியிலிருந்து வர முடியாது.

ஆகவே வழி மூன்று. நிறுவனத்திடம் கட்டணம் கட்டி நிலையான பொது ஐபி வாங்குவது முதலாவது. கிடைத்தால் அதுவே எளிது. இல்லையென்றால் பொது முகவரியுள்ள சிறிய வாடகை சர்வர் ஒன்றை, அதாவது விபிஎஸ் ஒன்றை எடுத்து, வீட்டு ரவுட்டரும் மடிக்கணினியும் அங்கே போய்ச் சந்தித்துக்கொள்ளச் செய்யலாம். டெயில்ஸ்கேல் போன்ற சேவையிடம் சந்திக்க வைக்கும் வேலையை ஒப்படைப்பது மூன்றாவது.

#7 தேரடி வீதி

திருவொற்றியூரில் என் வீட்டில் டெயில்ஸ்கேல்தான் ஓடுகிறது. பத்து நிமிட வேலை. அதுவும் உள்ளே வயர்கார்ட் என்ற விபிஎன் முறையையே பயன்படுத்துகிறது.

#8 தண்டையார்பேட்டை கணக்குப்பிள்ளை

பொது ஐபி வணிக இணைப்புக்கு மட்டுமே என்று நிறுவனத்தில் சொல்லிவிட்டார்கள். பிறருடைய கணக்குகளை வைத்திருக்கும் நான், யார் உள்ளே வரலாம் என்று முடிவு செய்யும் பட்டியலை இன்னொரு சேவையின் உள்நுழைவுக் கணக்கில் வைக்கத் தயங்குகிறேன். வாடகை சர்வரே இருக்கட்டும். மாதம் சில நூறு ரூபாய்தான் ஆகிறது. ரவுட்டர் புதிதாக வாங்க வேண்டுமா?

#9 பேசின்பிரிட்ஜ்

நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டியில் வயர்கார்ட் அமைக்க அநேகமாக இடமிருக்காது. அதை அப்படியே விட்டுவிட்டு, அதன் பின்னால் ஓபன் டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருளை ஏற்கும் ரவுட்டர் ஒன்றை வையுங்கள். ரிச்சி தெருவில் பழையது வாங்கினாலும் தவறில்லை. ஆனால் ஃபிளாஷ் 16 எம்பியும் ரேம் 128 எம்பியும் இருக்க வேண்டும். பெட்டியின் மேலே அச்சிட்ட பெயரைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள். அடிப்பக்கத்து ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் வி1, வி2, வி4 என்று இருக்கும். பெயர் ஒன்றாக இருந்தும் உள்ளே சிப் வேறாக இருக்கலாம். தவறான பதிப்பின் மென்பொருளை ஏற்றினால் பெட்டி செங்கல்லாகிவிடும்.

பிபிடிபி என்ற பழைய விபிஎன் முறையை ஏதாவது ரவுட்டர் விளம்பரப்படுத்தினால் அந்தப் பக்கமே போக வேண்டாம். அதன் கடவுச்சொல் முறையை உடைக்கும் வழி 2012-லேயே வெளிப்படையாகக் காட்டப்பட்டுவிட்டது. ஓபன்விபிஎன் பாதுகாப்பானதுதான், ஆனால் சிறிய ரவுட்டரின் செயலிக்கு அது பெரும் சுமை. வயர்கார்ட் 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6 முதல் கெர்னலுக்குள்ளேயே, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியிலேயே இருக்கிறது. அதில் உள்ள சாச்சா20 குறியாக்கம், ஏஇஎஸ் என்ற வேறொரு குறியாக்கத்துக்கெனத் தனிச் சுற்று இல்லாத மலிவான செயலிகளிலும் வேகமாக ஓடும்.

இனி அமைப்பு. வீட்டு வலையின் எண்ணை முதலில் மாற்றுங்கள். வீட்டிலும் 192.168.1, கடையின் வைஃபையிலும் 192.168.1 என்றிருந்தால், வீட்டுக் கணினியைத் தேடும் மடிக்கணினி கடைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். விபிஎன் பச்சை விளக்கு காட்டும், எதுவும் திறக்காது. பாதிப் பேர் சாவியைக் குறைசொல்வது இந்த இடத்தில்தான். வீட்டுக்கு 192.168.73 என்று வைத்துக்கொள்ளலாம்.

சுரங்கத்துக்கு, அதாவது விபிஎன் பாதைக்கு, 10.73.0 என்ற தனி வலை. அதில் விபிஎஸ் 1, ரவுட்டர் 2, மடிக்கணினி 3. ஒவ்வொன்றிலும் ஒரு சாவி ஜோடி உருவாக்குங்கள். தனிச் சாவி பிறந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது, பொதுச் சாவிகளை மட்டும் பரிமாறிக்கொள்ள வேண்டும். விபிஎஸ்ஸில் 51820 யுடிபி போர்ட்டைத் திறந்து, ஒரு பக்கம் வந்ததை மறுபக்கம் அனுப்பும் ஃபார்வர்டிங் அனுமதியையும் கொடுங்கள். வயர்கார்ட், அறிமுகமில்லாத சாவியிலிருந்து எது வந்தாலும் பதிலே பேசாது. 3389-ஐத் தட்டிப் பார்த்தவர்கள் இங்கே தட்டினால் ஆள் இருக்கும் அறிகுறிகூடத் தெரியாது.

"அலவ்ட் ஐபிஸ்" என்ற கட்டத்தில் நிதானம் தேவை. அது அனுமதிப் பட்டியலும் ஆகும், வழிகாட்டிப் பலகையும் ஆகும். விபிஎஸ்ஸில் ரவுட்டருக்கான பதிவில் 10.73.0.2/32, 192.168.73.0/24 இரண்டும் வேண்டும் (/32 என்றால் அந்த ஒரே எண், /24 என்றால் அந்த வலை முழுவதும்). மடிக்கணினியில் 10.73.0.0/24, 192.168.73.0/24. ரவுட்டரில் 10.73.0.0/24 மட்டும் போதும். ரவுட்டர் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருப்பதால் "பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ்" 25 விநாடி என்று கொடுங்கள். இல்லாவிட்டால் பேச்சு இல்லாத நேரத்தில் நிறுவனம் அந்த வழியை மூடிவிடும்.

கடைசியாக, ரவுட்டரின் ஃபயர்வாலில் சுரங்கத்துக்குத் தனி மண்டலம் வைத்து, அங்கிருந்து கணக்குக் கணினியின் 3389-க்கு மட்டும் வழி விடுங்கள். வீட்டு டிவிக்கும் கேமராவுக்கும் கடையிலிருந்து வழி எதற்கு?

#10 தண்டையார்பேட்டை கணக்குப்பிள்ளை

வாங்கி, ஏற்றி, அமைத்துவிட்டேன். கைகுலுக்கல், அதாவது இரு முனைகளும் சாவி பார்த்து இணைவது, நடக்கவில்லை. ரவுட்டர் பக்கத்தின் படத்தை இணைத்திருக்கிறேன், எங்கே தவறு என்று பாருங்கள்.

*[படம் மட்டுறுத்துநரால் நீக்கப்பட்டது: தனிச் சாவி தெரிகிறது.]*

#11 ஓய்வுபெற்ற லோகோ

சகோதரி, இரண்டு சாவிகளும் பார்ப்பதற்கு ஒன்றுபோல 44 எழுத்து, கடைசியில் சமக்குறி. குழப்பம் வருவது இயல்பே. படத்தில் இருந்தது ரவுட்டரின் தனிச் சாவி. அதையேதான் விபிஎஸ்ஸிலும் பொதுச் சாவி என்று ஒட்டியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. படம் சில நிமிடமே இருந்தாலும் அந்த ஜோடி இனி ஆகாது, புதிதாக உருவாக்கிவிடுங்கள்.

பேசின்பிரிட்ஜ் தம்பிக்கு ஒரு சேர்க்கை. இந்த அமைப்பில் குறியாக்கம் மடிக்கணினியிலிருந்து வீடு வரை ஒரே துண்டாகப் போகவில்லை. விபிஎஸ்ஸில் ஒருமுறை அவிழ்ந்து மறுபடி கட்டப்படுகிறது. அந்தச் சர்வருக்குள் யாரேனும் புகுந்தால் உள்ளே ஓடுவதைப் பார்க்க முடியும். ரிமோட் டெஸ்க்டாப்புக்குத் தன் சொந்த டிஎல்எஸ் குறியாக்க உறை உண்டு என்பதால் பெரிய ஆபத்தில்லை. ஆனால் சான்றிதழ் எச்சரிக்கை வரும்போது படிக்காமல் "சரி" அழுத்தும் பழக்கம் இருந்தால் அந்த உறையால் பயனில்லை. விபிஎஸ்ஸுக்குள் நுழைவதையும் கடவுச்சொல் இல்லாமல் எஸ்எஸ்எச் சாவியால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

#12 பேசின்பிரிட்ஜ்

ஐயா சொன்னது சரி. அதை நான் #9-லேயே எழுதியிருக்க வேண்டும்.

#13 தண்டையார்பேட்டை கணக்குப்பிள்ளை

ஓடுகிறது! ஐயா சொன்ன அதே தவறுதான். புதிய சாவிகள் போட்டதும் ஐந்து விநாடியில் கைகுலுக்கல் வந்துவிட்டது. நேற்று மாலை மெட்ரோவில் மடிக்கணினியைக் கைபேசி இணைப்பில் வைத்துச் சோதித்தேன். வண்ணாரப்பேட்டையிலிருந்து சுரங்கப்பாதையில் வரும்போது சிக்னல் இரண்டு முறை போய் வந்தது. தண்டையார்பேட்டையைத் தாண்டி வண்டி மேம்பாலத்தில் ஏறியதும், விட்ட இடத்திலிருந்தே பில் பதிவு தொடர்ந்தது. மறுபடி உள்நுழையச் சொல்லிக் கேட்கவே இல்லை. நான் இறங்க வேண்டிய நிலையத்தைக் கோட்டை விட்டதுதான் மிச்சம்.

#14 தேரடி வீதி

வாழ்த்துகள் அக்கா. இவ்வளவு செய்தபின் வீட்டின் மொத்தப் போக்குவரத்தையும் சுரங்கத்திலேயே விடலாமே? ரவுட்டரின் அலவ்ட் ஐபிஸில் 0.0.0.0/0 என்று, அதாவது எல்லா முகவரிகளும் என்று மாற்றி, விபிஎஸ்ஸில் மாஸ்கரேட் (வெளியே போவதில் விபிஎஸ்ஸின் முகவரியை ஒட்டும் ஏற்பாடு) போட்டால் போதும். பிள்ளைகளின் கைபேசி வரை எல்லாம் குறியாக்கத்தில் போகும்.

#15 தண்டையார்பேட்டை கணக்குப்பிள்ளை

செய்துவிட்டேன். வேகம் சற்றுக் குறைந்திருக்கிறது, ஆனால் மனத்துக்கு நிறைவாக இருக்கிறது.

#16 தண்டையார்பேட்டை கணக்குப்பிள்ளை (பன்னிரண்டு நாள் கழித்து)

நிறைவெல்லாம் போய்விட்டது. இன்று மதியம் எங்கள் தெருவில் இரண்டு மணி நேரம் மின்தடை. மின்சாரம் வந்தபின் வீட்டில் யாருக்கும் இணையமே இல்லை. மகளின் வகுப்பு பாதியில் நின்றது. வைஃபை இருக்கிறது, ரவுட்டர் பக்கம் திறக்கிறது, ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு இல்லை. வயர்கார்ட் பக்கத்தில் அனுப்பியது மட்டும் கூடிக்கொண்டே போகிறது, பெற்றது 0 என்றே நிற்கிறது. எந்தச் சாவியையும் நான் தொடவில்லை. நான்கு முறை அணைத்துப் போட்டும் பயனில்லை. இதை என் கைபேசியிலிருந்து எழுதுகிறேன்.

#17 தேரடி வீதி

எனக்கும் முன்பு ஒருமுறை இப்படி ஆனது. விபிஎஸ்ஸில் வயர்கார்டை மறுதொடக்கம் செய்தேன், சரியாகிவிட்டது. காரணம் இன்றுவரை புரியவில்லை.

#18 பேசின்பிரிட்ஜ்

அக்கா, எதையும் மறுதொடக்கம் செய்வதற்கு முன் ரவுட்டரின் முகப்புப் பக்கத்தில் "உள்ளூர் நேரம்" என்ற வரியில் என்ன தேதி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

#19 தண்டையார்பேட்டை கணக்குப்பிள்ளை

பன்னிரண்டு நாளுக்கு முந்தைய தேதி காட்டுகிறது! நான் 0.0.0.0/0 போட்டுச் சேமித்த அதே நாள்.

#20 பேசின்பிரிட்ஜ்

அதுதான். சிஸ்டம் பக்கத்துக்குப் போய், உலாவியின் நேரத்தோடு இணைக்கும் பொத்தானை அழுத்துங்கள். கைகுலுக்கல் வந்ததும் இங்கே ஒரு வரி எழுதுங்கள், விளக்கம் பிறகு.

#21 தண்டையார்பேட்டை கணக்குப்பிள்ளை

அழுத்தி, கையை எடுப்பதற்குள் வந்துவிட்டது. இது என்ன மாயம், அண்ணா?

#22 பேசின்பிரிட்ஜ்

மாயம் இல்லை. கணினிக்குள் இருப்பது போன்ற கடிகார பேட்டரி பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களில் கிடையாது. மின்சாரம் போனால் நேரமும் போய்விடும். ஓபன் டபிள்யூஆர்டி எழுந்தவுடன், தன் அமைப்புக் கோப்புகளில் கடைசியாக மாறியது எப்போது என்று பார்த்து அந்த நேரத்தைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும். பிறகு இணையத்தில் உள்ள நேர சர்வரிடம் சரியான நேரத்தைக் கேட்டுக்கொள்ளும்.

வயர்கார்டின் கைகுலுக்கலில் ஒவ்வொரு முறையும் நேர முத்திரை ஒன்று போகிறது. பழைய கைகுலுக்கலை யாராவது பிடித்து வைத்துத் திரும்ப அனுப்பி ஏமாற்றக் கூடாது என்பதற்காக, அந்தச் சாவியிடமிருந்து கடைசியாகக் கண்ட முத்திரையைவிடப் பிந்தியதை மட்டுமே மறுமுனை ஏற்கும். உங்கள் விபிஎஸ் இன்று மதிய முத்திரையைப் பார்த்திருக்கிறது. மின்சாரம் வந்தபின் ரவுட்டர் பன்னிரண்டு நாள் பழைய முத்திரையை நீட்டுகிறது. விபிஎஸ் அதைத் திருட்டுப் பிரதி என்று கருதி வாய் திறக்காமல் ஒதுக்குகிறது. பெற்றது 0 என்று நின்றது அதனால்தான்.

இதற்கு முன்பும் மின்தடை வந்திருக்கும், அப்போது சிக்கல் வரவில்லையே என்று கேட்பீர்கள். அப்போது நேரம் கேட்கும் பாக்கெட் சுரங்கத்துக்கு வெளியே நேராகப் போய் வந்தது. 0.0.0.0/0 போட்டபின் அதுவும் சுரங்கத்துக்குள் போகிறது. சுரங்கம் திறக்க நேரம் வேண்டும், நேரம் வாங்கச் சுரங்கம் வேண்டும். பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. சும்மா விட்டிருந்தால் பன்னிரண்டு நாளில், ரவுட்டரின் கடிகாரம் இன்றைய மதியத்தைத் தாண்டிய பிறகு, தானாகவே திறந்திருக்கும்.

தேரடி வீதி, உங்கள் மறுதொடக்கம் பலித்ததும் இதனால்தான். வயர்கார்டை இறக்கி ஏற்றியதும் விபிஎஸ் தன் நினைவில் இருந்த கடைசி முத்திரையை மறந்துவிட்டது.

இப்போது முடிவு உங்கள் கையில். எல்லாப் போக்குவரத்தும் சுரங்கத்தில் வேண்டும் என்றால், நேர சர்வர் ஒன்றின் ஐபி எண்ணுக்கு மட்டும் வான் வழியாக நேர்ப்பாதை எழுதி, அந்த எண்ணையே ரவுட்டரின் நேர அமைப்பிலும் கொடுங்கள்; பெயராகக் கொடுத்தால் பெயரைத் தேடும் பாக்கெட்டும் சுரங்கத்தில் மாட்டிக்கொள்ளும். என்னைக் கேட்டால் 10.73.0.0/24-க்கே திரும்பிவிடுங்கள். பிள்ளைகள் பார்க்கும் காணொளி விபிஎஸ் வழியாகச் சுற்றிவந்து உங்கள் கணக்குக் கணினிக்கு எந்தக் காவலும் கூடப்போவதில்லை.

#23 ஓய்வுபெற்ற லோகோ

எங்கள் பணிக்காலத்தில் நிலையக் கடிகாரங்களை ஒன்றோடொன்று சரிபார்ப்பதே நாளின் முதல் வேலையாக இருந்தது. ரவுட்டரிலும் அதுதான் என்று இன்று தெரிந்துகொண்டேன்.

#24 தண்டையார்பேட்டை கணக்குப்பிள்ளை

பழைய அமைப்புக்கே திரும்பிவிட்டேன், அண்ணா. நேற்று இரவு எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின் நானே மெயினை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் போட்டுச் சோதித்தேன். ரவுட்டர் எழுந்ததும் உள்ளூர் நேரம் இரண்டு மணி நேரம் பின்தங்கிக் காட்டியது. இரண்டாவது முறை பக்கத்தைப் புதுப்பித்தபோது சரியான நேரம், கீழே கைகுலுக்கல் 4 விநாடிக்கு முன் என்று இருந்தது. இன்று காலை கடையிலிருந்து திறந்து, மூன்று கடைகளின் பில்லை ஏற்றி முடித்துவிட்டேன்.

#25 தேரடி வீதி

#14-இல் நான் எழுதியதற்கு அடியில் நேர சர்வர் குறித்த எச்சரிக்கையைச் சேர்த்துவிட்டேன். முன்பு எனக்கு அப்படி ஆனது, டெயில்ஸ்கேலுக்கு மாறுவதற்கு முன் இருந்த அமைப்பில், அதிலும் 0.0.0.0/0-தான் போட்டிருந்தேன். அக்கா, மகளின் வகுப்பு நின்றதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.